இரண்டு கோடு, ஒரு ரிலீப்

எங்கள் தேயிலை பேக்டரியில் நைட் ஷிப்டுக்கு யாராவது வராவிட்டால், அவர் இடத்தில் நிற்க ரஹீம் ஒருவன்தான் உண்டு. ரிலீப் ஆள். இலை வாட்டவும் தெரியும், டிரையரில் நிற்கவும் தெரியும். ஆனால் ஒரே ராத்திரியில் இரண்டு இடத்தில் நிற்க அவனாலும் முடியாது. அந்தப் புதன்கிழமை எனக்கு இரண்டு ரஹீம் தேவைப்பட்டார்கள்.

நான் அங்கே கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. யாருக்குப் பகல், யாருக்கு நைட் என்று ரோஸ்டர் எழுதுவது என் வேலை. இனி இந்த நாற்காலிக்கு வரப்போகிற தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஓவர்டைம் கணக்கை வேறு யாராவது சொல்லித் தருவார்கள். இதைச் சொல்லித் தர ஆள் இல்லை.

1. செல்வி முதலில் கேட்டது

செல்வி பேக்கிங் பிரிவு. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் புருஷன் குமார் இலை வாட்டும் பிரிவில் நைட். என் வீட்டுக்காரர் டிரையரில் நைட். செல்விக்கும் எனக்கும் பகல் வேலை. அவர்கள் வெளியே வரும்போது நாங்கள் உள்ளே போவோம். புருஷனை பேக்டரி கேட்டில் பார்க்கிற பெண்கள் நாங்கள்.

ஒருநாள் ஆபீஸுக்குள் வந்து பளிச்சென்று கேட்டாள்.

“அக்கா, இவருக்கு இன்னிக்கு நைட் வேணாம்க்கா. தோலோங் லா, ஒதவி பண்ணுங்க. டெஸ்ட்ல கோடு வந்துருச்சு.”

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். கருமுட்டை வெளிவரும் நாளைக் காட்டும் அந்த டெஸ்ட் அட்டையை நான் வருடக்கணக்காக வாங்குகிறேன். பக்கத்து ரிங்லெட் மருந்துக் கடையில் வாங்கினால் லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும் என்று மலைக்குக் கீழே தாப்பாவுக்கு பஸ் ஏறிப் போவேன். மாமியார் கண்ணில் படாமல் பிஸ்கட் டின்னுக்குள் வைப்பேன். இவளோ கத்திரிக்காய் விலை சொல்வதுபோலச் சொல்கிறாள். அவள் மேல் எனக்கு முதலில் பொறாமை வந்தது அந்தக் கூச்சமில்லாத வாய்க்காகத்தான்.

“காட்டு” என்றேன். டிஷ்யூவில் சுற்றி யூனிபார்ம் பையிலேயே வைத்திருந்தாள். இரண்டாவது கோடு இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது.

“இது புள்ள உண்டாயிருக்கான்னு பாக்குற டெஸ்ட் இல்ல செல்வி. அதுல மங்கலா இருந்தாலும் கோடு கோடுதான். இதுல ரெண்டாவது கோடு மொதக் கோடு மாதிரியே அழுத்தமா வரணும். இல்ல, அதவிட அழுத்தமா வரணும். அப்பதான் முட்டை வரப்போவுதுன்னு அர்த்தம். இத எப்ப எடுத்த?”

“தேத்தண்ணி பிரேக் முடிஞ்சுதான்க்கா.”

பேக்கிங்கில் தேத்தண்ணி இலவசம். நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருப்பார்கள்.

“அவ்ளோ தண்ணி குடிச்சா கோடு மங்கிதான் தெரியும். மத்தியானத்துக்கு மேல எடு. அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் தேத்தண்ணிய ஒதுக்கி வை.”

“ஒங்களுக்கு எப்படிக்கா இதெல்லாம் தெரியும்?”

“படிச்சேன்.”

அவள் சிரித்துக்கொண்டே போனாள். இவளுக்குப் போய் ஏன் சொல்லிக் கொடுத்தேன் என்று அன்று முழுவதும் எனக்கு எரிச்சல்.

2. அந்தப் புதன்கிழமை

புதன்கிழமை பிற்பகல் செல்வி மூச்சிரைக்க வந்து அட்டையை என் மேசையில் வைத்தாள். இந்த முறை சந்தேகமே இல்லை. இரண்டு கோடும் ஒரே அழுத்தம்.

என் கைப்பையிலும் ஓர் அட்டை இருந்தது. சற்று முன்பு டாய்லெட்டில் எடுத்தது. பல மாதம் அழுந்தாத கோடு அன்றைக்கென்று அழுந்தியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, டிரையருக்கு ரஹீமை எழுதலாம் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.

ரஹீமுக்கு மறுநாள் முதல் லீவு, ஊருக்குப் போகிறான். பகல் ஆட்களைக் கேட்டுப் பார்த்தேன், யாரும் நைட்டுக்கு மாறத் தயாராக இல்லை. ஆக ஒரு ராத்திரி, ஒரு ரஹீம்.

குமார் பெயரை அடித்து அங்கே ரஹீமை எழுதினேன். நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். கிராணி தன் புருஷனுக்கே ரிலீப் எழுதிக்கொண்டாள் என்று நாலு பேர் பேசுவார்களே, அந்தப் பயம். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க நல்லா இருக்கணும்க்கா” என்றாள். கையை உதறிவிடலாமா என்று இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டிருந்தபோது, “கோடு வந்திருக்குங்க” என்றேன். “டிரையர யாரு பாக்குறது?” என்றார். போய்விட்டார். காலையில் கேட்டில் பார்த்தேன். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

3. செல்வி சொன்னது

அந்த மாதமே செல்விக்குத் தீட்டு நின்றது. பேக்கிங்கில் எல்லோரும் அவளுக்கு மாங்காய் கொண்டுவந்தார்கள். நின்று செய்யும் வேலையிலிருந்து எடுத்து, உட்கார்ந்து லேபிள் ஒட்டும் இடத்தில் அவளைப் போட்டேன். அது என் ஆபீஸ் ஜன்னலுக்கு நேரே. அவள் வயிறு வளர்வதை நாளெல்லாம் பார்த்தேன். வயிற்றெரிச்சல்தான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்கு இஷ்டமில்லை.

பிரசவ லீவுக்கு முன்னால் கேசரி கிண்டி எடுத்து வந்தாள். “நீங்க மட்டும் அன்னிக்கு மாத்திப் போடலன்னா...” என்று ஆரம்பித்தாள். என்னால் அடக்க முடியவில்லை.

“அன்னிக்கு எனக்கும் கோடு வந்துச்சு செல்வி. ரஹீம் ஒருத்தன்தான் இருந்தான்.”

அவள் முகம் செத்துவிட்டது. கிண்ணத்தை மேசையில் வைத்தாள். அப்புறம் நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

“ஏன்க்கா, அண்ணன் காலையில வீட்டுக்கு வந்திருப்பாரே. நீங்க லீவு போட்டிருக்கலாமே? ராத்திரிதான்னு யாரு சொன்னா? கோடு வந்தா மறுநாளும் நல்ல நாள்தான்னு டாக்டர் சொன்னாரு லா.”

அது எனக்கும் தெரியும். படித்தவள் நான்தானே. ஆனால் அத்தனை வருடமும் அவர் இடத்துக்குத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தேன். என் நாற்காலி ஒருநாள் காலியாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. ரோஸ்டரில் எல்லோர் பெயருக்கும் ஒரு வரி உண்டு, எழுதுகிற கிராணிக்குக் கிடையாது.

அன்று அந்தக் கேசரியை நான் தொடவில்லை. செல்வி மேல் இருந்ததைவிட என் மேல் கோபம் அதிகமாக இருந்தது.

தங்கைகளுக்குச் சொல்ல இருப்பது இதுதான். ஷிப்ட் மாற்றிக் கேட்டு வருகிறவர்களைத் துருவாதீர்கள், முடிந்தால் கொடுங்கள். கொடுத்தால் பொறாமை போய்விடும் என்று மட்டும் நம்பாதீர்கள். செல்வியின் மகள் இப்போது தத்தித் தத்தி நடக்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு செல்வி கேட்டுக்கு வந்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் ரோஸ்டரின் அடியில் உங்கள் பெயருக்கும் ஒரு வரி கோடு போட்டு வையுங்கள்.

நேற்று கோடு அழுந்தியது. மேனேஜரிடம் போய் ஒருநாள் லீவு கேட்டேன்.

“தனம், நீயா லீவு கேக்குற? என்னம்மா விஷயம்?”

“சொந்த வேலை சார்.”

இதை லீவு நாள் காலையில் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமியார் தன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறார். பேக்டரியில் நைட் ஷிப்ட் விட்டாகிவிட்டது. மேட்டில் அவர் மோட்டார் சைக்கிள் ஏறி வரும் சத்தம் கேட்கிறது. இன்று அவரைக் கேட்டில் பார்க்கப் போவதில்லை. பேனாவை மூடுகிறேன்.