இன்னொருத்தி லீவு போட்டால்தான் எனக்கு வகுப்பு

என் கணவர் டிராம் வண்டியில் கண்டக்டராக இருந்தார். மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் ஒரே வாரத்தில் அவரைக் கொண்டுபோய்விட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு ஜெலுத்தோங்கில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அண்ணன் துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி, நல்ல மனுஷன். அண்ணியும் நல்லவள்தான். ஆனாலும் அடுத்தவள் அடுப்படியில் எந்தக் கரண்டியை எங்கே மாட்டுவது என்று கேட்டுக் கேட்டுச் செய்கிற பிழைப்பு இருக்கிறதே, அது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் சபையின் தமிழ்ப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம். நடுவில் ஒரு வேலி மட்டும். காலையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வார்கள். கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டே நானும் கூடச் சொல்வேன். யாராவது ஒரு பிள்ளை என்னை 'டீச்சர்' என்று கூப்பிடாதா என்று ஏங்கினேன். வயிற்றுப் பசியாவது சோறு போட்டால் அடங்கும். இது அடங்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கிய வாரம் துணிந்து போய்ப் பெரிய டீச்சரைப் பார்த்தேன். அவர்தான் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை.

"ஏழாவது பாஸ் பண்ணியிருக்கே தங்கம், எழுத்தும் முத்து முத்தா இருக்கு. ஆனா லைசென்ஸ் இல்லாம ஒரு நாள்கூட வகுப்புல நிக்க முடியாதும்மா. இப்போ சட்டம் அப்படி" என்றார்.

லைசென்ஸுக்குச் சபைப் போதகரான ஐயர் தரும் நற்சாட்சி வேண்டும். டாக்டர் பார்த்துச் சொல்லவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் முன்னால் பாடம் நடத்திக் காட்டவேண்டும். பாடம் நடத்த வகுப்பு வேண்டும், வகுப்புக்குள் கால் வைக்க லைசென்ஸ் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதைதான்.

ஒரே ஒரு வழி இருந்தது. இருக்கிற டீச்சர் யாராவது நீண்ட லீவு போட்டால், அவருக்குப் பதிலாக ஒருத்தியை வைத்துக்கொள்ளக் கல்வி ஆபீஸில் தற்காலிக அனுமதி கேட்கலாம். அந்த நாட்களில் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் லைசென்ஸ் கிடைக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சரை விட்டால் சாராள் அக்காள் ஒருத்திதான். இடி இடித்தாலும் மணி அடிக்குமுன் அவள் குடை வாசலில் விரிந்து காயும். தும்மல்கூட அவளுக்கு லீவு நாளில்தான் வரும்.

அண்ணி சிரித்தாள். "டீச்சர் வேலைன்னா பாசார்ல கீரை வாங்குற மாதிரியா லா? பேசாம எங்கூட அப்பளம் போடு."

வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம். கூட்டம் நடத்துகிற பாக்கியம் அம்மாளிடம் அண்ணி என் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். அந்த அம்மாளுக்கு எதையும் மனதுக்குள் ஜெபிக்கத் தெரியாது. "ஆண்டவரே, விதவையான தங்கத்துக்கு நம்ம பள்ளிக்கூடத்திலேயே ஒரு இடம் உண்டாக்கும்" என்று உரக்க வேண்டினார். எனக்குப் பக்கத்துப் பாயில் சாராள் அக்காள். அவள் இடம் காலியானால்தானே எனக்கு இடம்! கூட்டத்தில் எல்லாருக்கும் இது ஒரே நேரத்தில் உறைத்திருக்கவேண்டும். சாராள் அக்காள் மட்டும் பலமாக "ஆமென்" என்றாள்.

எனக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை போலிருந்தது. வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் உங்களுக்குக் கெடுதல் நினைக்கலே" என்றேன்.

"எனக்குத் தெரியாதாடி? பத்து வருஷமா நானும் ஒண்ணு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கேக்குறவளுக்குக் கேக்குறவ மனசு தெரியும்" என்றாள். அவள் கேட்டது ஒரு பிள்ளை. இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் கலைந்துபோயிற்று. வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கிற இவளுக்கு என்ன குறை என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று முழங்கால் போட்டபோது எனக்கென்று கேட்க வாய் வரவில்லை. "கர்த்தாவே, என் வேலையை நீர் பார்த்துக்கொள்ளும். அக்காளுக்கு ஒரு நோவும் வேண்டாம். அவள் கேட்பதைக் கொடும்" என்றேன். தினமும் அதையே ஜெபித்தேன். என் ஏக்கம் போய்விட்டதா? பொய் சொல்லமாட்டேன், போகவில்லை. கிணற்றடியில் வாய்ப்பாடு சொல்வதும் நிற்கவில்லை.

அந்த வருஷம் அடைமழை தொடங்கியபோது பெரிய டீச்சர் வேலியோரம் வந்து கூப்பிட்டார். "தங்கம், சாராள் முழுகாம இருக்கா. இந்தத் தடவை படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். உன் பேரைத்தான் ஆபீஸுக்குச் சொல்லப்போறேன்."

ஈரக்கையோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நான் கேட்கத் துணியாததும் அவள் கேட்டதும் ஒரே கதவு வழியாக வந்தன.

முதல் நாள் ஒரு சின்னப் பெண் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, "டீச்சர், இது சரியா?" என்றாள். அவள் காட்டிய கணக்கு சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர்.

ஆனால் பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. கிறிஸ்மஸுக்கு முன்பு அக்காளுக்கு உதிரம் கண்டுவிட்டது என்று செய்தி வந்தது. பிள்ளை தங்காவிட்டால் அவள் வெறுங்கையோடு திரும்பி வருவாள். அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். அதை நினைக்கவே முடியவில்லை. "ஆண்டவரே, வேண்டுமானால் வகுப்பை எடுத்துக்கொள்ளும், பிள்ளையை விட்டுவிடும்" என்று கதறினேன். மறுநாள் காலையில்தானா இன்ஸ்பெக்டர் வரவேண்டும்!

இன்ஸ்பெக்டர் துரையோடு தமிழ் தெரிந்த உதவியாளர் ஒருவரும் வந்தார். கடன் வாங்கிக் கழித்தல் நடத்தச் சொன்னார்கள். "நம்மகிட்டே போதலேன்னா பக்கத்து வீட்டுல வாங்குறோம். வாங்கினா அங்கே குறையும், அதை மறக்கக்கூடாது" என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. எனக்குத் தெரியாதா அந்தக் கணக்கு! பிள்ளைகள் பயந்துபோய் ஒருத்தி விடாமல் சரியாகப் போட்டார்கள். துரை ஏதோ சொன்னார். உதவியாளர் என்னைப் பார்த்து, "பாடத்தை மனசோட நடத்துறீங்களாம். லைசென்ஸ் வரும்" என்றார்.

சாயங்காலம் அக்காள் வீட்டுக்கு ஓடினேன். உதிரம் நின்றிருந்தது. ஈஸ்டர் கழிந்து பெண்குழந்தை பிறந்தது, கொழுகொழுவென்று. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

குழந்தை பால் மறந்ததும் அக்காள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள். முந்தின நாள் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "டீச்சர், திரும்ப எப்போ வருவீங்க?" என்றார்கள். உங்கள் டீச்சர் படுத்தால் வருவேன் என்றா சொல்வது? "நீங்கல்லாம் சுகமா இருங்க" என்று சொல்லிவிட்டு வேலியைச் சுற்றி வீட்டுக்கு வந்தேன். அன்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

இப்போது லைசென்ஸ் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஆயர் ஈத்தாம் ஊரில் டீச்சருக்குக் காய்ச்சலா, தங்கத்தைக் கூப்பிடு. அக்கரையில் பத்து காவான் என்கிற தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லையா, படகேறிப் போ என்பார்கள். எந்த வகுப்பும் எனக்குச் சொந்தமில்லை. ஒவ்வொரு இடத்தையும் விட்டு வரும்போது இன்னும் வலிக்கிறது. ஆனால் பாசாருக்குப் போனால் எந்த மூலையிலிருந்தாவது ஒரு குரல் 'டீச்சர்' என்கிறது. அதற்கு நான் எம்மாத்திரம்?

இதை வாசிக்கிற சகோதரியே, நீ கேட்பது இன்னொருத்திக்குக் குறைவாகிவிடுமோ என்று உன் ஜெபம் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தால், முதலில் அவளுக்காகக் கேட்டுப் பார். உன்னுடையதை அவர் மறக்கமாட்டார். நம்பு.

போன வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சாராள் அக்காள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உரக்க ஜெபித்தாள்: "ஆண்டவரே, எனக்கு அப்பப்போ ஒரு சின்னக் காய்ச்சல் கொடும். பெரிசா வேண்டாம். தங்கம் வந்து பிள்ளைகளைப் பாத்துட்டுப் போகட்டும்." கூட்டமே சிரித்து "ஆமென்" என்றது. அந்த ஒரு ஜெபத்துக்கு மட்டும் நான் ஆமென் சொல்லவில்லை.