சமையல்காரம்மாவின் பாய்

கடவுளைக் கும்பிடாமல் கைடம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். பின்னாளில் அவளை நாத்திகக்காரி என்று வாய்க்கு வந்தபடி ஏசியவர்களுக்கு இது தெரியாது.

அவள் பிறந்ததே தலைவர் வீட்டுப் பின்கட்டில். அம்மாவுக்கு அங்கே சமையல் வேலை. நாட்டை உருவாக்கிய பத்துப் பேரில் தலைவர் ஒருவர். பத்துப் பேரும் மேசையில் கூடினால் கடவுள் உண்டா இல்லையா என்று சண்டை மூளும். பாதிப் பேர் பக்தர்கள், பாதிப் பேர் இல்லை. சாப்பாடு ஆறிப்போகும், அம்மா முணுமுணுத்துக்கொண்டே மறுபடி சூடு பண்ணுவாள். ஆனாலும் அதே மேசையில் சேர்ந்து உட்கார்ந்துதான், யார் கும்பிட்டாலும் கும்பிடாவிட்டாலும் அரசாங்கம் தலையிடக்கூடாது என்று சட்டம் எழுதினார்கள்.

தலைவர் கும்பிடாத கட்சி. அவர்தான் மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையை அம்மாவுக்கு ஒழித்துக் கொடுத்தார்.

"எனக்கு நம்பிக்கை இல்லம்மா, உனக்கு இருக்கு. கதவைச் சாத்திக்கிட்டு நிம்மதியா கும்பிடு."

விடிகாலையில் அம்மா உள்ளே இருந்தால், சத்தம் கேட்காமலிருக்கச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்குவார்.

இருவரும் காலமானார்கள். வீடு நினைவு இல்லமானது. மகள் அங்கேயே வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் கைடாகச் சேர்ந்து, இருபத்தாறு வருடம் வந்தவர்களுக்கெல்லாம் இதை உள்ளபடியே சொன்னாள். பக்தர்களும் கேட்டுவிட்டுச் சந்தோஷமாகத்தான் போனார்கள்.

பிறகு புது அதிகாரி வந்தார். ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் வந்து பார்த்தால், படிக்கட்டு அறையில் அம்மா உட்கார்ந்து கும்பிட்ட பாய் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. மேலே பித்தளைப் பலகை: 'தலைவர் தினமும் பிரார்த்தனை செய்த பாய்.'

அவள் நேரே அதிகாரியிடம் போனாள்.

"சார், இது எங்க அம்மா பாய். தலைவர் ஆறடி மனுஷன். இதுல உக்காந்தா முழங்கால் ரெண்டும் தரையிலதான் இருக்கும்!"

"அதனால என்னம்மா? தலைவருக்குப் பெருமைதானே? நீங்களும் பக்தி உள்ளவங்க."

"பக்தி இருக்கறதாலதான் கேக்கறேன். சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லலாமா? அவர் கும்பிடலைன்னு அவரே கூசாம சொன்னாரு. கும்பிட்டது எங்க அம்மா. அவங்களை எங்க சார் வச்சிருக்கீங்க?"

அதிகாரி சிரித்தார். "சமையல்காரம்மா கும்பிட்ட இடத்தைப் பாக்க எவன்மா டிக்கெட் எடுப்பான்?"

எவ்வளவு கொழுப்பு! முப்பது வருடம் அந்த வீட்டுக்கு உலை வைத்தவளின் நம்பிக்கையைப் பிடுங்கி, நம்பிக்கையே இல்லாத மனிதரின் தலையில் கட்டிவிட்டு, அதற்குப் பெருமை என்று பெயர் வேறு. இரண்டு பேருக்கும் அநியாயம்.

வீட்டில் கணவர் கெஞ்சினார். "ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷந்தான். கண்டும் காணாம இருந்துட்டுப் போயேன்."

மறுநாள் முதல் கூட்டம் வந்ததும் கைடம்மா அந்தப் பெட்டி முன்னால் நின்றாள். "இந்தப் பலகையில இருக்கறது பொய்" என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டத்தில் சிலர் நாத்திகக்காரி என்று ஏசினார்கள். அதிகாரி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே அவளை வாசலில் பை சோதிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். படிக்கட்டு அறையில் ஒலிபெருக்கி வைத்தார்கள். தலைவர் தினமும் இங்கே பிரார்த்தனை செய்தார் என்று அது சொல்வது வாசல்வரை கேட்கிறது, ஒரு நாளைக்கு நாற்பது தடவை.

கைடம்மா இன்றும் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறாள். இப்போதெல்லாம் அவள் கடவுளிடம் எதுவும் வேண்டிக்கொள்வதில்லை. கேள்விதான் கேட்கிறாள்: "உங்க காதுல அது விழுதா, இல்லையா?"