களத்து நெல்

கண் ஆபரேஷன் முடிந்த அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மாடிப்படி மட்டும் ஏறக் கூடாதாம். காரில் வரும்போது மழை பிடித்துக்கொண்டது.

"ஐயோ, மொட்டைமாடியில மிளகாய் காயுதே!"

"கிளம்பும்போதே எடுத்து வெச்சிட்டேம்மா, சும்மா இரு" என்றாள் மகள்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன், உத்திரமேரூர் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டிருந்த மாசி மாதம். நான் நைனா என்று கூப்பிடும் அப்பாவுக்குப் புரை எடுத்து, இரண்டு கண்களையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்திருந்தார்கள். தலை அசைந்தால் கண்ணே போய்விடும் என்றார் டாக்டர். நைனாவின் கால்விரல்கள் மட்டும் ஓயாமல் ஆடின. அடித்த நெல்லைக் களத்தில் குவித்துவிட்டு வந்திருந்தோம். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர ஆள் கிடையாது.

மூன்றாம் நாள் ஓட்டின்மேல் சடசடவென்று மழை.

"மழ பேஞ்சிகினு கீதா? நெல்லு இன்னா ஆச்சும்மா?" என்று எழப் பார்த்தார்.

தோளை அழுத்திப் பிடித்தேன். "பெரியப்பா வைக்கோல் போட்டு மூடிட்டாராம் நைனா. இப்பதான் ஆள் வந்து சொல்லிட்டுப் போச்சு."

யாரும் வரவில்லை.

கட்டுப் பிரித்ததும், முகாமில் கொடுத்த தடித்த கண்ணாடியோடு நைனா நேரே களத்துக்குத்தான் போனார். குவியல் முழுக்க முளைத்துக் கிடந்தது. ஒரு பிடி அள்ளி முகத்தருகே பிடித்தார். திட்டுக்காகக் காத்திருந்தேன்.

"ஒவ்வொரு முளையும் தனித்தனியா தெரிதும்மா" என்றார். அந்தப் பிடியை மெதுவாகக் குவியலிலேயே வைத்தார்.

வீட்டு வாசலில் கார் நின்றது. மகள் மாடிப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இறக்கினாள். நான் மாடியை நிமிர்ந்து பார்க்கவில்லை.