தம்பி போடாத வார்த்தை

என் தம்பியும் நானும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் தினமும் காலையில் இரண்டு பேரும் ஆங்கில வார்த்தை கட்டி விளையாடுவோம். இதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்பதால் நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கைபேசி ஆளுக்கு ஏழு ஆங்கில எழுத்துகள் தரும். அவற்றை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு வார்த்தை பிடித்து, கட்டம் போட்ட பலகையில் வைக்க வேண்டும். நான் வைத்தால் அடுத்து அவன் முறை. முறை வந்தவர் இரண்டு நாளுக்குள் வைக்காவிட்டால் ஆட்டம் தானாக முடிந்து, எதிராளி ஜெயித்துவிட்டதாக அறிவிப்பு வரும். என் மகள்தான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்கள் இருவர் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தாள். விளையாடினால் எங்களுக்கு இங்கிலீஷ் வரும் என்றாள். இங்கிலீஷ் வந்ததோ இல்லையோ, விளையாட்டு ஒட்டிக்கொண்டது.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். தம்பி அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவன் வைக்கும் வார்த்தைகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் மூளையைக் கசக்கி 'கார்டன்' என்று நீளமாக ஒன்று வைத்தால், அவன் க்யூவையும் ஐயையும் மூலையில் சொருகிவிட்டு அதைவிட அதிகமாகப் பாயின்ட் வாங்குவான். அது ஒரு வார்த்தையாம். அர்த்தம் அவனுக்கே தெரியாது. சின்ன வயதில் தாயம் விளையாடும்போதும் இதே திருட்டுப் புத்திதான்.

பேச்சு அறுந்தது என் மகளின் சடங்கில். தாய்மாமன் சீர் என்றால் எங்கள் பக்கம் லேசுப்பட்டதில்லை. கொட்டு முழங்க, தட்டு ஏந்திய பெண்கள் வரிசையாக வர, மாமன் முன்னால் நடந்து வருவான். தம்பியும் புது வேட்டி சட்டையில் அப்படித்தான் வந்தான். தெருமுனையில் என் வீட்டுக்காரரின் சிநேகிதர்கள் ஒரு பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். டீக்கடைக்காரர் முதல் கபடிக் குழுப் பையன்கள் வரை எல்லோர் படமும் அதில் இருந்தது. தாய்மாமன் படம் மட்டும் இல்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான், கொட்டை நிறுத்தச் சொன்னான், அத்தனை தட்டுகளும் வந்த வழியே திரும்பிப் போயின. "என் மூஞ்சி இல்லாத தெருவுல எனக்கு என்ன சோலி? இனிமே இவுக வாசல மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

பிளக்ஸ் கட்டியது நான் இல்லை. அந்த நேரத்தில் நான் உள்ளே மகளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். நடுத்தெருவில் சீர் திரும்பிய அவமானம் எனக்கு, படம் இல்லாத அவமானம் அவனுக்கு. இரண்டு பேரில் ஒருவரும் இறங்கி வரவில்லை.

இதில் அகப்பட்டுக்கொண்டது அம்மா. அம்மா கீழக்குயில்குடியில் என்னோடு இருக்கிறாள். முட்டிவலியில் பஸ் ஏற முடியாது. காது மந்தம், போனில் பேசினால் ஒன்றும் கேட்காது. மகன் நேரில் வந்தால்தான் உண்டு. அவன் வரவில்லை.

பேச்சு முறிந்த வீடுகளுக்கென்று எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. நல்லதுக்குப் போக மாட்டார்கள், கெட்டதுக்குப் போகாமல் இருக்க மாட்டார்கள். அதனால் அப்படிப்பட்ட உறவு திடீரென்று வாசலில் வந்து நின்றால், அதுவும் பழம் பூ எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு நின்றால், வாய் திறந்து சொல்லவே வேண்டியதில்லை. யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

சடங்கு நடந்த அன்று எங்கள் ஆட்டம் பாதியில் நின்றது, அவன் முறை. மறுநாள் காலையில் பார்த்தால் வார்த்தை வைத்திருந்தான். வைக்காவிட்டால் நான் ஜெயித்துவிடுவேனே, அதற்கு மனசு வருமா அவனுக்கு. நானும் விடவில்லை. ஓர் ஆட்டம் முடிந்தால் தோற்றவர் உடனே அடுத்ததைத் தொடங்கிவிடுவார். வருடங்கள் அப்படியே ஓடின. அதில் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பவும் வசதி உண்டு, அந்தப் பக்கம் மட்டும் இருவருமே தலைவைத்துப் படுக்கவில்லை.

பட்டறை திறக்கும் முன் அவன் வார்த்தை வந்துவிடும். வந்துவிட்டால், எழுந்துவிட்டான், டீ குடித்துவிட்டான், நன்றாக இருக்கிறான் என்று எடுத்துக்கொள்வேன். அம்மாவின் காதருகே குனிந்து "உன் மகன் நல்லாருக்கான்" என்று கத்துவேன். "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பாள். "தெரியும்" என்பேன். அவனியாபுரமே அமளிதுமளிப்படும் ஜல்லிக்கட்டு நாளில்கூட அவன் வைக்கத் தவறியதில்லை.

போன ஆடியில் ஒரு நாள் காலை, வார்த்தை வரவில்லை. வேலை இருக்கும் என்று விட்டேன். சாயங்காலமும் வரவில்லை. மறுநாள் காலையிலும் இல்லை. ஆட்டத்தின் மூலையில் மீதி நேரம் குறைந்துகொண்டே வந்தது. அம்மா வழக்கம்போல முகத்தைப் பார்த்தாள். நான் "நல்லாருக்கான்" என்று கத்திவிட்டு, இரண்டாவது கேள்வி வருவதற்குள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மருத்துவமனையில் வேலை ஓடவில்லை. வந்தவர் ஒருவரை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன், விடச் சொல்ல மறந்தேன். பாவம், அவர் முகம் சிவந்து நின்றார். அன்று எடுத்த ஒவ்வொரு நெஞ்சுப் படத்திலும் எனக்குத் தம்பிதான் தெரிந்தான். சர்க்கரை இருக்கிறது, சிகரெட்டும் இருக்கிறது. அப்பா போனதும் இப்படித்தான், முதல் நாள் ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவர்.

கடைசியில் கௌரவத்தை ஓரமாக வைத்துவிட்டு அவன் நம்பருக்குப் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவன் மனைவியின் நம்பர் என்னிடம் இல்லை. சொந்தத்தில் யாரையாவது கேட்கலாம். கேட்டால், அக்காக்காரி இறங்கி வந்துவிட்டாள் என்ற சேதி அரைமணி நேரத்தில் கொட்டாம்பட்டி வரை போய்விடும். அந்த நேரத்திலும் எனக்கு அந்த எண்ணம்தான் வந்தது.

சும்மா இருக்க முடியாமல் என் எழுத்துகளைத் திறந்து வைத்துக்கொண்டேன். எல், ஏ, டி, ஹெச், ஈ. மிச்சம் இரண்டும் உதவாக்கரை. எழுத்தைக் கலைக்கும் பொத்தானை அழுத்தினேன். 'லேத்' என்று வந்தது. அவன் பிழைப்பு. மறுபடி அழுத்தினேன், 'ஹேட்' வந்தது. அதுவும் சரிதான். இன்னொரு தடவை அழுத்தினேன். 'லேட்' என்று நின்றது. நம் பத்திரிகைகளில் செத்துப்போனவர் பெயருக்கு முன்னால் போடுகிற அதே வார்த்தை. போனைக் கவிழ்த்து வைத்தேன், ஒரு நிமிடம்கூட உட்கார முடியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு அப்படியே வெளியே வந்தேன்.

பெரியார் பஸ் நிலையத்துக்கு வந்து ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஓரத்து இடம். வில்லாபுரம் தாண்டுவதற்குள் காற்றில் கிளிப் எங்கோ தெறித்து, தலைமுடி அவிழ்ந்துவிட்டது. முடிந்துகொள்ளத் தோன்றவில்லை. பழக்கடையைத் தாண்டியபோதும் இறங்கி எதுவும் வாங்கத் தோன்றவில்லை. பந்தல் மட்டும் போட்டிருக்கக் கூடாது என்று ஒவ்வொரு சாமியாகக் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

பட்டறை பூட்டியிருந்தது. அடுத்த தெருவில்தான் வீடு. பந்தல் இல்லை. ஆனால் வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. படியில் உட்கார்ந்து தம்பி பெண்டாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் என் அவிழ்ந்த தலையைப் பார்த்தாள், வெறுங்கையைப் பார்த்தாள். மடியிலிருந்த முறம் கீழே விழுந்தது.

"மதினி" என்றாள். அப்புறம் மாரில் ஓங்கி அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அவள் என் அம்மாவுக்காக அழுகிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னைப் பார்த்ததும் அழுகிறாள் என்றால் என் தம்பி போய்விட்டான், எனக்குச் சொல்லி அனுப்பக்கூட இல்லை. அதுதான் எனக்குப் புரிந்தது. "தம்பி எங்கடி?" என்று கேட்டேன். தன் புருஷனிடம் சேதியைச் சொல்லத்தான் தேடுகிறேன் என்று நினைத்து அவள் இன்னும் சத்தமாக அழுதாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். இருவரும் படியிலேயே உட்கார்ந்து, உயிரோடு இருக்கும் இரண்டு பேருக்காக அழுது தீர்த்தோம். எதிர்வீட்டுப் பெண்மணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்து, "எப்ப எடுக்குறாக?" என்று கேட்டாள்.

உள்ளேயிருந்து சுவரைப் பிடித்தபடி ஓர் ஆள் வந்தான். ஒரு கண்ணில் பெரிய கட்டு, தாடி. என் தம்பி.

எனக்கு மூச்சு வந்தது. அவன் மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தான், அழும் மனைவியைப் பார்த்தான். அப்படியே நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்தான்.

"அம்மாவா?" என்றான். "ஒரு வாட்டிகூட வந்து பாக்கலையே. பிளக்ஸப் பாத்து ரோசப்பட்டேனே, பெத்தவளப் பாக்கலையே."

அவன் இப்படி உடைந்து நான் பார்த்ததில்லை. அப்பா போனபோதுகூட ஓரமாக நின்றவன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். இரண்டு நாளாக நெஞ்சில் சுமந்த பயம் முழுக்கக் கோபமாகி வாயில் வந்தது.

"ஏன்டா வார்த்தை வைக்கல?" என்றேன்.

இத்தனை வருடங்களுக்குப் பிறகு நான் அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவன் ஒன்றும் புரியாமல் பார்த்தான்.

"அம்மா நல்லாருக்கு. காலையில இட்லி தின்னுச்சு, சட்னியில உப்பு இல்லைன்னு என்னைய வஞ்சுச்சு. நீதான் செத்துட்டியோன்னு வந்தேன். வைக்க முடியலைன்னா போனையாவது ஆன் பண்ணித் தொலைக்க வேண்டியதுதான?"

தம்பி பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். பட்டறையில் இரும்புப் பிசிறு தெறித்துக் கண்ணில் அடித்ததாம். கட்டுப் போட்ட டாக்டர், மற்றக் கண்ணுக்கும் வேலை கொடுக்காதே, போனைத் தொடாதே என்றாராம். தொடாமல் இருக்கிற ஆளா இவன்? அதனால் மனைவி போனை அணைத்து அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாளாம். வாசலில் கிடந்த செருப்புகள், கண்ணுக்கு என்ன என்று விசாரிக்க வந்த பட்டறை ஆட்களுடையவை. "இவரு படுத்தபடியே ஏ, ஈன்னு பெனாத்திக்கிட்டு இருந்தாரு மதினி. கண்ணுல அடிபட்டது மண்டைக்கு ஏறிருச்சோன்னு பயந்துட்டேன்" என்றாள் அவள்.

"கண்ண மூடிக்கிட்டு ஏழு எழுத்தையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன்க்கா" என்றான் தம்பி. "ஏழையும் சேத்து ஒரு வார்த்தை வந்துருச்சு. வைக்கத்தான் விடல."

"என்ன வார்த்தை?"

"சொல்லுவேனா ஒங்கிட்ட."

எதிர்வீட்டுப் பெண்மணி ஏமாற்றத்தோடு திரும்பிப் போனாள். தம்பி மட்டும் எழுந்திருக்கவில்லை. கட்டுப் போடாத கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. "அம்மா உசுரோடதான இருக்கு?" என்று மறுபடி கேட்டான். இருக்கிறது என்றேன். "நெசமாத்தானக்கா?" என்றான். பிறகு மனைவியைப் பார்த்து, "அந்தச் சட்டைய எடு. நான் போறேன்" என்றான்.

இருவரும் ஆட்டோவில் ஏறினோம். பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தூசி படாமல் கட்டுக் கண்ணை என் முந்தானையால் மறைத்துக்கொண்டே வந்தேன். வழியில் என் போன் அதிர்ந்தது. அவனுக்கு நேரம் முடிந்துவிட்டது, நான் வென்றேன் என்று எழுதியிருந்தது.

"என்னக்கா?" என்றான்.

"நான் ஜெயிச்சுட்டேனாம்."

"வச்சுக்க" என்றான்.

சமணர் மலை பக்கம் வெயில் இறங்கியிருந்தது. அம்மா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு எனக்காக நின்றாள். ஆட்டோவிலிருந்து முதலில் நான் இறங்கினேன், அவிழ்ந்த தலையோடு. பின்னாலேயே கண்ணில் கட்டோடு அவன். இருவர் கையிலும் ஒன்றுமில்லை. அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"யாருடா?" என்றாள். "யாரு போயிட்டா?"

தம்பி படியேறிப் போய் அவள் காதருகே குனிந்தான். தெருமுனை வரை கேட்கும்படி கத்தினான்.

"யாரும் போகலம்மா. சும்மாதான் வந்தேன்."

அம்மா அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, கட்டைத் தொட்டுப் பார்த்தாள், தாடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"சும்மா வாரதுக்கு ஒனக்கு இம்புட்டு வருஷமாடா?"