லில்லிக் கிழங்கும் ராகு காலமும்

பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டு மகள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், ஒரு காகிதப் பையை வேலிக்கு மேலாக நீட்டினார். உள்ளே ஆறு லில்லிக் கிழங்குகள். இறந்துபோன அவர் மனைவி நட்டவை. மகளுடைய அடுக்குமாடியில் மண் கிடையாது.

"தரை உறைவதற்குள் நட்டுவிடு. ஆறு அங்குல ஆழம், தண்ணீர் தேங்காத இடம். வேர் கீழே. காயவிடாதே. ஜூலையில் வந்து பார்க்கிறேன்."

"கண்டிப்பாக" என்றேன். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் சொல்லியிருக்க முடியாது.

எனக்குக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. உலகம் முழுக்க இலை கொட்டிக்கொண்டிருக்கும் அக்டோபரில் யாராவது செடி நடுவார்களா? நன்றாகக் குளிர் பட்டால்தான் பூக்குமாம். அமெரிக்காவில் நியூ ஜெர்சிக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது; குளிர் பட்டு இங்கே நான் ஒரு நாளும் பூத்ததில்லை.

"ஏங்க, அடுத்தவங்க பொருளு. அதுவும் செத்துப்போனவங்க வச்சது. நல்ல நாள் பார்த்து வைங்க" என்றாள் மனைவி. நான் பகுத்தறிவாளன். ஆகவே காலண்டரை அவளையே பார்க்கச் சொன்னேன்.

வார நாட்களில் ஜெர்சி சிட்டி ஆபீசிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். மிச்சமிருப்பது சனி, ஞாயிறு. முதல் வாரம் அஷ்டமி, மறுநாள் நவமி. அடுத்த வாரம் அமாவாசை. அமாவாசை நல்ல நாளா கெட்ட நாளா என்பதில் அவள் குடும்பத்துக்கும் என் குடும்பத்துக்கும் கல்யாணத்தன்றே கருத்து வேறுபாடு, இன்னும் தீரவில்லை. மூன்றாவது வாரம் அஷ்டமி திரும்பி வந்துவிட்டது. போதாக்குறைக்கு நவம்பர் பிறந்து, குளிர்காலத்துக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியது.

"இப்ப ராகு காலமும் ஒரு மணி நேரம் தள்ளிப் போகுமா?" என்று கேட்டேன்.

"ராகுவுக்கு யாருங்க போய்ச் சொல்லுவா?" என்றாள். நியாயமான கேள்வி.

"அப்பா, ஜஸ்ட் டிக் அ ஹோல்" என்றாள் மகள், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

நாலாவது சனிக்கிழமை பையைத் திறந்தேன். பூண்டு மாதிரி பருத்திருந்தவை அப்பளமாகச் சுருங்கியிருந்தன. வேரெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்து பைக்குள் கிடந்தது. எது தலை, எது கால்? 'வேர் கீழே' என்ற ஒரே அறிவுரையும் இப்போது உபயோகமில்லை. வானிலை ஆப், அன்றிரவே கடும் உறைபனி என்றது. மணி ஒன்பதே முக்கால். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பது முதல் பத்தரை வரை.

மனைவி காலண்டரைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"பழைய நேரப்படி இப்ப பத்தே முக்கால். ராகு காலம் முடிஞ்சிருச்சு. போங்க, சீக்கிரம் தோண்டுங்க."

வேலியோரம் தோண்டினேன். சந்தேகத்தின் பலனை எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டு, ஆறையும் படுக்கைவாட்டில் வைத்தேன். காய்ந்த இலைகளை மேலே போர்த்தி, அடையாளத்துக்கு ஆறு பிளாஸ்டிக் ஸ்பூன் குத்தினேன். ஸ்பூன்களை ஜனவரிப் பனி எங்கேயோ கொண்டு போய்விட்டது.

ஏப்ரலில் வேலியோரம் பச்சையாக ஒரு கொத்து கிளம்பியது. மான் தின்னாமலிருக்க வலை கட்டினேன். காலையில் காபியோடு போய் நலம் விசாரித்தேன். வேலி மூலையில் ஒற்றைத் தண்டாக ஏதோ களை நின்றது. பிடுங்க நினைத்தேன், முதுகுவலி என்பதால் அது பிழைத்தது.

ஜூலையில் சொன்னபடி அவர் வந்தார். வலைக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஏழெட்டுப் பூ. பெருமையாகக் கை காட்டினேன்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "நன்றாக வளர்த்திருக்கிறாய். இது ரோட்டோரச் சாக்கடைப் பக்கமெல்லாம் தானாக முளைக்கிறது. அவள் நட்டது வெள்ளை."

ஆறும் போய்விட்டது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என்னைத் தாண்டி வேலி மூலைக்குப் போய் மெதுவாகக் குனிந்தார். நான் பிடுங்காமல் விட்ட ஒற்றைத் தண்டின் உச்சியில் மூன்று மொட்டுகள். அவற்றை விரல் நுனியால் தொட்டு எண்ணினார்.

"இரண்டு நாளில் திறக்கும். சனிக்கிழமை ஒன்பதரைக்கு வரலாமா?"

வாசலில் நின்ற என் மனைவி ஏதோ சொல்ல வந்து, விழுங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஒரு மொட்டு திறந்திருந்தது. வெள்ளை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கிளம்பும்போது, "அக்டோபரிலேயே நட்டுவிட்டாய் அல்லவா?" என்று கேட்டார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.