பள்ளிக்கூடத்துக்குக் கரண்ட் கொண்டுவந்த எங்கள் அப்பா

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களில் பலர் அவரை என்னைவிட நன்றாக அறிவீர்கள். மகளாக இருந்துகொண்டு இதை எழுதுவது எளிதாக இல்லை.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர் அப்பா. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே மின்வேலை பழகிக்கொண்டார்.

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். மழைக்காலத்தில் பனிமூட்டம் உள்ளேயே வந்துவிடும். நண்பகலிலும் கரும்பலகை தெரியாது. ஆசிரியர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அப்பா வேலை செய்த தொழிற்சாலையில் மின்சாரம் இருந்தது. கூப்பிடு தூரத்தில் நாங்கள் இருட்டில் இருந்தோம்.

தோட்ட மேலாளரான பெரிய துரை விடுமுறையில் போயிருந்தபோது, பள்ளிக்கு லைன் இழுக்கலாமா என்று அப்பா அவருக்கு அடுத்த சின்னத் துரையிடம் கேட்டார். "செய்யுங்க" என்றார் அவர். எழுதிக் கொடுக்கவில்லை. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட வயரை எடுத்து, வேலை முடிந்த மாலைகளில் மரக்கம்பம் நட்டு, அப்பா மூன்று மின்குமிழ்களை மாட்டினார்.

அவை எரிந்த அன்று நான் மூன்றாம் வகுப்பு. பின்வரிசையிலிருந்து அதுவரை 3 என்று நான் எழுதிவைத்ததில் பாதி 8 என்று அன்றுதான் கண்டேன். அப்பா உள்ளே வரவில்லை. எண்ணெய்க் கறைச் சட்டையோடு வாசலில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்.

பெரிய துரை திரும்பி வந்ததும் அப்பாவைத் தோட்ட ஆபீஸுக்குக் கூப்பிட்டார். அங்கே நடந்ததை அப்பா எங்களிடம் சொன்னதே இல்லை. அன்று அந்த அறையில் இருந்த கிளாக்கர் ஐயா, அப்பாவின் இறுதிக் கிரியைக்கு வந்தபோதுதான் சொன்னார்.

"யார கேட்டு லைன் இழுத்த?" என்றாராம் துரை.

"புள்ளைங்களுக்கு போர்டு தெரியலீங்க."

"யார் சொன்னதுன்னு கேக்குறேன்."

சின்னத் துரை தலையைக் குனிந்துகொண்டாராம். அப்பா அவரைப் பார்த்துவிட்டு, "நாந்தாங்க இழுத்தேன்" என்றாராம்.

விளக்கைத் துரை கழற்றச் சொல்லவில்லை. அப்பாவைக் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றினார். அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொலைவு. "புள்ளைங்க இங்கயே படிக்கட்டும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பா மட்டும் போனார். பதினொரு வருடம், தொழிற்சாலைக்குப் பின்னால் ஓர் அறையில், தானே சமைத்துத் தானே சாப்பிட்டு வாழ்ந்தார்.

மாதம் ஒருமுறை சனிக்கிழமை வருவார். நான் வளர வளர அவரிடம் பேசக் கூச்சப்பட்டேன். ஒருநாள் விருந்தாளிகளுக்கு எடுக்கும் பீங்கான் கோப்பையில் அவருக்குத் தேநீர் கொடுத்தேன். கோப்பையைச் சிறிது நேரம் பார்த்தார். "எனக்கும் நீங்க குடிக்கிற கப்புலயே குடும்மா" என்றார். மறுநாள் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அண்ணனும் நானும் படித்துக் கொழும்புக்குப் போனோம். அப்பா ஓய்வு பெற்று லயத்துக்குத் திரும்பிய இரண்டாம் வருடம் அம்மா காலமானார். பிறகு அந்த வீட்டிலும் அவர் தனிதான். கூட வந்து இருக்கும்படி அழைத்தால், "அங்க எனக்கு யார தெரியும்?" என்பார். வருகிறேன் என்றால், "மழையா இருக்கு, அலையாதீங்க" என்பார். அந்தச் சொல்லை நான் வசதியாக நம்பிக்கொண்டேன்.

நெஞ்சுச் சளி முற்றிய கடைசி வாரத்தில் அவரை வைத்தியசாலைக்குத் தூக்கிச் சென்ற லயத்து இளைஞர்களுக்கும், கிரியைகளை முன்னின்று நடத்திய கோயில் பெரியவர்களுக்கும், தூரத்திலிருந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அடுத்த வீட்டுச் செல்வி அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டியது நீங்கள். "கொஞ்ச நேரம் உக்காரு புள்ள" என்று அவர் கேட்டது உங்களிடம். கொழும்பிலிருந்து அவரைப் பார்க்க வரும் வழியில் நான் ஹட்டனில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற அந்தக் கடைசி நேரத்தில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். என் இடம் அது. அதை வெறுமையாக விடாமல் இருந்தீர்கள், அக்கா.