அண்டாவில் தெரிந்த மயில்

மங்கலத்தில் பனியன் கம்பெனிக்கு நூல் பிசிர் வெட்டப் போகும் அமராவதி என் சின்ன மாமன் மகள். பழனிக்கு நடந்து போகிறவர்களின் குழம்புக்கு அவரைக்காய் தருவதாக நேர்ந்துகொண்டு, வாசலோரம் பந்தல் போட்டாள். தினமும் விடிந்ததும் ஒரு மயில் வந்து அவரைப் பூவையெல்லாம் கொத்தித் தின்றது. அவள் குச்சியை எடுத்தால் புருஷன் மருதாசலம் மயிலைக் கும்பிட்டுக்கொண்டே குறுக்கே நிற்பான்.

“முருகன் வாகனத்த வெரட்டாத, அமராவதி!”

“முருகனுக்கு நேந்ததையே அது திங்குதுங்க, மாமா!”

ஒருநாள் அவள் கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் அண்டாவைப் பளபளவென்று துலக்கி வேலியோரம் கவிழ்த்தாள். அண்டாவில் தெரிந்த மயிலோடு இந்த மயில் மல்லுக்கு நின்றது. பந்தல் பக்கம் திரும்பவேயில்லை.

“நான் வெரட்டலீங்க. சண்டைக்கு ஆளு புடிச்சுக் குடுத்தனுங்க.”

தைப்பூசத்துக்கு இரண்டு கூடை அவரைக்காய் போனது. மருதாசலம்தான் தலையில் சுமந்து போனான்.